குடியிருப்போர்: மூவர்

எனக்குத் தொலைபேசியில் பேசப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதிலும் வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவர்களின் சம்பளத்தைச் சரிபார்ப்பதென்றால் காலையிலேயே உள்ளங்கால் குறுகுறுக்கும். வீட்டுத் தரகு அலுவலகத்தில் என் வேலையே அதுதான். விண்ணப்பத்தில் எழுதியது பொய்யென்று தெரியும் கணம் இருக்கிறதே, எனக்குத் தலைகால் புரியாது. அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர்.

அந்தத் தையல் மேற்பார்வையாளர் நிறைமாத மனைவியோடு வந்தார். இருந்த வீட்டைக் காலிசெய்யப் பத்து நாள்தான் பாக்கி. "பாப்பாவையும் சேத்து எழுதுங்க" என்று அந்தப் பெண் அவர் முழங்கையை இடித்தாள். எழுதி முடித்து நீட்டியவர், "எவ்வளவு வேணும்னாலும் விசாரிங்க சார், எங்கிட்ட ஒளிவுமறைவே கிடையாது" என்றார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அனுமதி கொடுத்தது அவர்தான்.

முதல் நாள் அவருடைய ஆலை மேலாளரிடம் கேட்டேன். வேலையும் உண்மை, சம்பளமும் உண்மை என்றார். சப்பென்று போய்விட்டது. மறுநாள் அதே மேலாளரிடம், அவருக்குக் கடன் கொடுத்தவன் குரலில் கேட்டேன். எனக்குக் குரல் மாற்ற நன்றாக வரும். வியாழக்கிழமை, அவரிடம் ஏமாந்துபோன ஒரு பெண்ணின் அப்பாவாகப் பேசினேன். நடுநடுவே இருமிக்கூடக் காட்டினேன். பேசி முடித்ததும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வெள்ளிக்கிழமை போலீஸ்காரர் ஆனேன், மன்னிக்க வேண்டும்.

"ஆளு நல்லவன்தான் சார். ஆனா இந்த வம்பெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்றார் மேலாளர்.

திங்கட்கிழமை என் சொந்தக் குரலில் மறுபடி கேட்டேன். அப்படி ஒருவர் இங்கே வேலையில் இல்லை என்றார்கள். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். எழுதியது ஒன்று, இருப்பது ஒன்று. விண்ணப்பத்தின் மேல் 'பொய்' என்று முத்திரை குத்தினேன். ஆசை தீரவில்லை, இன்னொன்றும் குத்தினேன். மற்ற தரகர்களுக்கும் சொல்லி வைத்தேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அவர்கள் பேருந்து நிலையத்தில் படுத்திருந்ததும், அங்கேயே அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்ததும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். குழந்தை தங்கவில்லை என்றீர்கள்.

ஆனால் அந்த விண்ணப்பத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். கடைசி வரி, அவர் கையெழுத்துக்குச் சற்று மேலே. குடியிருப்போர் மூவர் என்று எழுதியிருக்கிறார். அதுவும் பொய்தானே, ஐயா.