ரமோனின் நாக்கு

நடுநாயகமாய் வீற்றிருக்கும் தலைவர், மருத்துவர் ஜூடித் வெக்ஸ்லர் அவர்களே, ஆய்வுக்கூடத்தில் கண்ணொளியைத் தேய்த்த அறிஞர்களே, வீதியில் படுத்துப் போலீஸ் வண்டியில் ஏறிய என் தோழர்களே, மடிந்த தம் பிள்ளைகளின் பெயரைத் துணியில் தைத்து ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, அவர்களில் மூத்தவராய் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் அல்டக்ராசியா கிண்டானா அம்மையாரே, உங்கள் அனைவருக்கும் புரூக்ளின் பேருந்து ஓட்டுநன் கிளிஃப்டன் மேப்ரியின் பணிவான வணக்கம்.

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பேருந்துக்காரன் நேரம் தவறுவானா? பின்வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். என் வழித்தடத்தில் காத்து நின்றவராக இருக்க வேண்டும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு. எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அண்டை வீட்டார் அகன்றார்கள், அலுவலகங்கள் கதவடைத்தன, அரசு வாய்மூடி இருந்தது. வாரம் ஒரு நண்பனைப் புதைத்தோம். அப்போது மன்ஹாட்டன் மருத்துவமனை ஒன்றில் அந்த நோய் கண்ட எங்களிடம் புதிய மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்துக் கேப்சூலுக்குள் வெறும் மாவு. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

ரமோன் கிண்டானாவுக்குத் தெரிந்தது. ஓட்டல் சமையல்காரன் அவன். காத்திருப்பு அறையில் தன் கேப்சூலைப் பிரித்து நாக்கில் வைத்தான், கசப்பில் முகம் கோணியது. பிறகு என்னுடையதைத் தொட்டு வைத்தான்.

"மச்சான், உனக்கு மாவுடா."

"நெசமாவா?"

"இருபது வருஷமா அடுப்படியில நிக்கறவன். மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

சொல்லிக்கொண்டே தன் மருந்தில் பாதியை என் உள்ளங்கையில் கொட்டினான். அந்த அறையில் பன்னிரண்டு பேர் அப்படி ஜோடி சேர்ந்தோம். ரத்தப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. சோதனையை நடத்திய மருத்துவர், இன்றைய நம் தலைவர், கூப்பிட்டனுப்பினார்.

"ரெண்டு வருஷ உழைப்பக் கெடுத்துட்டீங்க. மருந்து வேல செய்யுதான்னு இனிமே எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"டாக்டரம்மா, பின்னால வர்றவன் இருக்கட்டும். பக்கத்துல இருக்கறவன் சாகறானே, அவனுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?" என்று கேட்டான் ரமோன்.

தலைவர் அவர்களே, தலையசைக்கிறீர்கள், நினைவிருக்கிறது. அன்று நீங்கள் சொன்னது தவறா? இல்லை. அவன் செய்தது தவறா? நான் எப்படிச் சொல்வேன், அந்தப் பாதியைத் தின்ற வாய் இது. வழி சொன்னவனும் ரமோன்தான்.

"விதி எழுதும்போது எங்களையும் கூப்பிடுங்க. நாங்க எழுதுனத நாங்க மீற மாட்டோம்."

கேட்டோம், கத்தினோம், கைதானோம், கற்றோம். ஓட்டுநன் வைரஸைப் படித்தான். சமையல்காரன் புள்ளியியல் படித்தான். ஒருநாள் ஆய்வு மேசையில் எங்களுக்கும் நாற்காலி போட்டார் நம் தலைவர். தொண்ணூற்றைந்து ஜனவரியில், நாங்களும் சேர்ந்து எழுதிய சோதனை தொடங்கியது. எல்லாருக்கும் பழைய மருந்து உண்டு. அதனோடு பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மீதிப் பேருக்கு மாவு.

தலைவர் அவர்களே, இத்தனை ஆண்டு மறைத்ததை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறேன். நான் என் கேப்சூலைப் பிரித்துச் சுவைத்தேன். கசந்தது. எலும்பும் தோலுமாய்க் கிடந்த ரமோனிடம் ஓடினேன்.

"என்னோடது கசக்குதுடா. உன்னோடத ஒரு தடவ நாக்குல வச்சுப் பாரு. மாவுன்னா பாதி தரேன்."

"வேணாம் மச்சான். அன்னைக்கு மீறுனது அவங்க எழுதுன விதி. இதுல என் கையெழுத்து இருக்கு. நீ முழுசாத் தின்னு."

மார்ச்சில் நிமோனியா. ஒன்பதே நாளில் போய்விட்டான். ஆண்டு முடிவில், யாருக்கு எது என்ற பட்டியலின் முத்திரையை உடைத்தார்கள். புதிய மருந்து உயிர் காத்தது என்று உறுதியாயிற்று. ரமோனுக்குக் கிடைத்தது மாவு. தொட்டிருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். அவன் தொடவில்லை.

மருந்து கண்டவர் யார் என்று கேட்கிறார்கள். மூலக்கூறு கண்டவரா? முழங்கித் தெருவை மறித்தவரா? அவர்களும்தான். ஆனால் மாவு தின்று மாண்டவன் இல்லாமல், மருந்து தின்று பிழைத்தவனை எதனோடு ஒப்பிட்டிருப்பீர்கள்? ஆய்வறிக்கையில் அவனுக்கு ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணின் பெயர் ரமோன் கிண்டானா.

பத்து நிமிடம் முடிந்தது. என் மாத்திரை நேரமும் இதுதான். அப்படியே விழுங்கு என்பார் மருத்துவர். நான் கடித்துப் பார்த்துத்தான் விழுங்குவேன். அல்டக்ராசியா அம்மா, இதோ பாருங்கள்.

கசக்கிறது, அம்மா. உங்கள் மகனுக்கு நன்றி. அவைக்கு என் வணக்கம்.