முற்றத்தில் முளைத்த புற்று

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மேடம். உங்கள் ஸ்டேஷனில் இந்த ஜன்னலை மேற்குச் சுவரில் வைத்திருந்தால் இந்த ஃபேனே வேண்டியிருக்காது. ஆனி ஆடியில் மலைப்பக்கமிருந்து அப்படி ஒரு காற்று சும்மா வருகிறது. நாம் அதை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து கரண்டுக் காற்று வாங்குகிறோம். குறையாகச் சொல்லவில்லை. தொழில் புத்தி, எங்கே போனாலும் ஜன்னலைத்தான் பார்க்கிறது. டீ நன்றாக இருக்கிறது.

என் பெயர் மாரிராஜ். ஆர்க்கிடெக்ட். சென்னையில் படித்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தவன். இந்த ஊரில் ஆர்க்கிடெக்ட் என்றால் வீட்டு முகப்பில் சிங்கம் வைப்பவன் என்று அர்த்தம். தறி முதலாளி ஒருவர் கோர்ட்டு மாதிரி தூண் கேட்டார், வைத்தேன். துபாயிலிருந்து வந்தவர் ஒருவர் அங்கே பார்த்த ஓட்டலைப் போனில் காட்டி, அதையே மூன்று சென்ட்டில் கேட்டார். அதையும் கொடுத்தேன். எத்தனையோ பால்கனி கட்டியிருக்கிறேன், ஒன்றில்கூட ஒரு மனிதர் நின்று பார்த்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் ஊருக்கு வெளியே அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் புது வகுப்பறைக் கட்டடத்துக்கு வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது. நான்கு பக்கமும் வகுப்பறை, நடுவில் வானம் தெரியும் முற்றம். காற்று நுழைய மேற்கே அகலமாக ஒரு வாசல், சூடு வெளியேறக் கிழக்கே உயரத்தில் ஒரு திறப்பு. மதியம் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால், வெளியே பொட்டல் காடு காய்ந்து கிடந்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்த முற்றத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. என் மனைவியிடம்கூட நான் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை.

சுவர்கள் எழும்பியபின் பல்கலைக்கழக இன்ஜினியர் பெத்துராஜ் வந்தார். நல்ல மனிதர்தான், காலி இடத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ன வே இது, இம்புட்டு இடத்த வெட்டியா போட்டு வச்சிருக்கீரு?"

"முற்றம் சார். காத்து வரும்."

"காத்த வச்சு என்ன செய்யச் சொல்லுதீரு? மேல ஒரு ஸ்லாபப் போட்டா கருத்தரங்கு ஹால் ஆச்சு. ஏசியப் போட்டா முடிஞ்சு போச்சு. கமிட்டில சொல்லிட்டேன்."

கமிட்டியும் சரி என்றுவிட்டது. நான் எழுதிக் கொடுத்தேன், நேரில் போய்ப் பேசினேன், சூடு எப்படி மேலே போகும் என்று படம் போட்டுக் காட்டினேன். காபி கொடுத்து அனுப்பினார்கள். நியாயமான வழிகளையெல்லாம் முதலில் பார்த்தேன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்கிற ஊர். இங்கே யாரும் புற்றில் மண்வெட்டி வைக்க மாட்டார்கள். ஒரு புற்றுக்காகக் காம்பவுண்டுச் சுவரை நானே வளைத்துக் கட்டியிருக்கிறேன். எனவே என் முற்றத்துக்கு ஒரு புற்று தேவைப்பட்டது. தேவைப்பட்டதைக் கட்டிக் கொடுப்பதுதானே என் வேலை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலையாட்கள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். அஸ்திவாரம் தோண்டிய செம்மண், குழைக்க வெல்லத் தண்ணீர், உள்ளே பொந்துக்கு மிச்சம் கிடந்த பிவிசி குழாய்த் துண்டுகள். வரைபடம் போட்டுத்தான் செய்தேன். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, உச்சி விரல்கள் போலப் பிரிந்து, பார்க்கிறவர்களுக்குக் கை தானாகக் குவிய வேண்டும் என்று மெனக்கெட்டேன். வாழ்க்கையில் நான் கட்டியதில், ஒருவரும் குறை சொல்லாத ஒரே கட்டடம் அதுதான்.

மறுநாள் காலையில் சித்தாள் சங்கரேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். தலையில் இருந்த கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"தாயே, நேத்து இது இல்லையே!"

"இருந்துச்சுட்டி. நாமதான் பாக்கல" என்றார் கொத்தனார்.

மதியத்துக்குள் எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது. அஸ்திவாரம் போடும்போதே பார்த்ததாக ஒருவர் சொன்னார். மணல் லாரியை அதற்காக ஒதுக்கி ஓட்டியதாக டிரைவர் சொன்னார். சாயங்காலம் புற்றுக்கு மஞ்சள் பூசி, முட்டையும் பாலும் வைத்தாயிற்று. காண்ட்ராக்டர் சுலைமான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்கு இதுல ஒண்ணும் இல்ல சார். ஆனா எங்க ஆளுக நாளைக்கு வேலைக்கு வரணும்லா?" என்றார். முற்றத்தில் வேலை நின்றது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பெத்துராஜ்தான் மசியவில்லை. "நாலு சட்டி மண்ணுக்காக ஒரு ஹால விடச் சொல்லுதீயளா?" என்று சொல்லி ஜேசிபிக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

ஜேசிபி வர வேண்டிய காலையில் அவருடைய ஹெல்மெட்டுக்குள் ஒரு பாம்புச் சட்டையை வைத்தேன். கல் குவியலில் கிடந்தது, காய்ந்த தோல், யாரையும் கடிக்காது. அவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்ததும் அது நழுவி முகத்தில் தொங்கியது. பதறிப் பின்வாங்கினார். பின்னால் லிஃப்டுக்குத் தோண்டிய குழி. அதன் முன்னால் எப்போதும் தடுப்புக் கட்டை இருக்கும். அன்று காலை அதைப் பெயிண்ட் அடிக்கலாம் என்று எடுத்து ஓரமாக வைத்திருந்தேன்.

தொடை எலும்பு முறிந்து, திருநெல்வேலியில் கம்பி வைத்தார்கள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அம்மா எச்சரிச்சிட்டா வே. உயிர மட்டும் விட்டு வச்சிருக்கா."

"எல்லாம் நல்லதுக்குத்தான் சார்" என்று ஆறுதல் சொன்னேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கம்பு ஊன்றிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது. மனிதர் நெற்றி நிறையப் புற்றுமண். கமிட்டி முன்னால் நின்று, அம்மன் இப்படி வெயிலிலும் மழையிலும் கிடக்கலாமா என்று கண் கலங்கினார். முற்றம் முழுக்க ஸ்லாப் போட்டு மண்டபம் கட்ட வேண்டும் என்றார். ஓரத்தில் அம்மன், மீதி இடத்தில் நாற்காலி போட்டால் கருத்தரங்கும் நடத்திக்கொள்ளலாம். பழைய ஹாலுக்குப் போட்ட அதே வரைபடம்தான், தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார். முதல்முறை முணுமுணுத்த ஒன்றிரண்டு பேரும் இந்தத் தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். மேற்கு வாசலையும் அடைக்கச் சொல்லிவிட்டார். காற்றில் விளக்கு அணைகிறதாம்.

எனக்கு வயிறு எரிந்தது, மேடம். நான் வைத்த அம்மன் என் முற்றத்தையே விழுங்குகிறாள்.

அதனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் கடப்பாரையோடு போனேன். விளக்குப் போட வந்த சங்கரேஸ்வரி பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அம்மனை இடிக்கப் பார்த்தான் என்று என் மேல் புகார். அது அம்மன் இல்லை, நான் கட்டியது, உடைத்துப் பார்த்தால் உள்ளே பிவிசி குழாய் இருக்கும் என்று அப்போதே சொன்னேன். உங்கள் ஏட்டு கருத்தப்பாண்டி அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டு, "பாவத்தக் கூட்டாதீரும் வே" என்றார். என் ஒரே சாட்சி அந்தக் குழாய். அதைத் தொட்டுப் பார்க்க ஒருவரும் தயாராக இல்லை.

ஆகவே எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். புற்றைக் கட்டியது நான். பாம்புச் சட்டை வைத்தது நான். பெயிண்ட் வாங்கினாயா என்று கேட்டீர்கள். இல்லை, வாங்கவில்லை. அந்தக் கட்டைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குழி எவ்வளவு ஆழம் என்பது வரைபடம் போட்ட எனக்குத் தெரியும். ஒரு முற்றத்துக்கு ஒரு கால் அதிகமில்லை என்று அன்றைக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. மண்ணை மண்ணென்று பார்க்கத் தெரிந்தவன் அந்த வளாகத்திலேயே நான் ஒருவன்தான்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், புற்றுக்கு முன்னால் வைத்த உண்டியலுக்காக மாட்டிய கேமராவில் பதிவாகியிருக்கும். கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சங்கரேஸ்வரி வரும்வரை ஒரு அடிகூட அடிக்காமல் நின்றேன். அதுவும் உண்மைதான். எங்கே முதலில் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செருப்பையா? யாரோ பால் ஊற்றிவிட்டுப் போயிருந்தார்கள் மேடம், அந்த இடமே ஈரம். புதுச் செருப்பு, நனைந்துவிடும் என்று வாசலிலேயே கழற்றி வைத்தேன். வேறொன்றும் இல்லை.