கிப்லா பார்க்காதவர்கள்

பட்டப்பகல் இரண்டு மணி. ஜூலை மாச வெயில். பாபிலோன் பக்கத்து ஹில்லா ஊருக்கு வெளியே, உவர் பூத்த பொட்டல். ரோடு என்று சொல்கிறேன், ஆனால் ரோடு இன்னும் போடவில்லை... சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிகள்தான் ரோடு. காக்கை குருவி கிடையாது. அதில் ஒரு பிக்கப் வண்டி தனியாக வந்துகொண்டிருந்தது.

ஏன் சிரிக்கிறாய்? பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அதுதானே உனக்கு வேண்டும்? கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. உனக்கு வேண்டிய இருட்டை அரசாங்கமே கொடுத்திருக்கிறது, அது போதும். கதை பகலில்தான் நடந்தது. எனக்கு இல்லை. நம் லுவய் இருக்கிறானே, அவன் பெண்டாட்டியின் பெரியப்பா மகன் தாமிருக்கு. லுவய் வாயைத் திறந்தால் பொய். தாமிர் அப்படி இல்லை. பெரிய பொய் என்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தாமிருக்குத் தொல்லியல் துறையில் வேலை. புது ரோடு போடுவதற்கு முன்னால் அவன் போய் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். நம் மண்ணில் எங்கே தோண்டினாலும் எவனாவது ஒரு ராஜா கிடப்பானே, அதற்காக. பொக்லைனை வைத்து வழிநெடுகச் சோதனைக் குழி வெட்டுவார்கள். ஒன்றும் இல்லையென்றால் தாமிர் தலையாட்டுவான், ரோடு நகரும்.

அன்று காலையில் பொக்லைன் சட்டென்று நின்றது. ஓட்டுகிற ஹமூத் எட்டிப் பார்த்தான்.

"உஸ்தாத், இறங்கி வாங்க. ஆளுங்க கிடக்காங்க."

தாமிர் குழிக்குள் இறங்கினான். எலும்பு. ஒருவர் மேல் ஒருவர். சிலர் குப்புற, சிலர் மல்லாக்க. ஒருவர் முகம்கூட மக்கா இருக்கும் திசையில் இல்லை.

"நம்ம ஆளுங்களா உஸ்தாத்? ஃபாத்திஹா ஓதணுமா?"

"நம்ம ஆளுன்னா வலப்பக்கம் சாஞ்சு கிப்லா பாத்துல்ல கிடப்பான்? இதுல ஒருத்தன்கூடப் பாக்கல. இவங்க நபிக்கு முந்தின காலத்து ஆளுங்க. பாபிலோன்காரங்க."

"அப்ப ஓத வேண்டாம்?"

"வேண்டாம்."

அவன் துறையில் எல்லாரும் போடுகிற கணக்குதான் அது. பரம ஏழையானாலும் தன் வீட்டு மையித்தை யாரும் கிப்லா பார்க்காமல் புதைப்பதில்லை. முகம் கிப்லா பார்த்தால் புதுசு, பார்க்காவிட்டால் பழசு. பழசு என்றால் படம் எடுத்து, மண்ணைப் போட்டு மூடி, மேலே மேடேற்றி ரோடு போட்டுக்கொள்ளலாம். புதுசு என்றால்... கமிட்டி வரும், போலீஸ் வரும், காணாமல் போன பிள்ளையைத் தேடிக் கறுப்பு அபாயா போட்ட தாய்மார்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ரோடு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும்.

ஒருவருடைய மணிக்கட்டில் ஏதோ சுற்றியிருந்தது. வேரா, கயிறா... தாமிர் துடைத்துப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தான், முஹ்சின். தொண்ணூற்றொன்றில் அரசாங்கத்துக்கு எதிரான எழுச்சி அடங்கிய பிறகு, ராணுவம் தெருவில் கண்ட பையன்களையெல்லாம் பிடித்து ஏற்றிப் போய்க் கொன்று புதைத்ததே, அதில் ஒருவன். ரொட்டி வாங்கப் போனவன். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவர்கள் அம்மாவை ஊரே உம் முஹ்சின், முஹ்சினைப் பெற்றவள், என்றுதான் கூப்பிடும். இருக்கிற பிள்ளையின் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கே குழி திறந்தாலும் அவள் போவாள், கூட்டிப் போவது தாமிர். விளிம்பில் உட்கார்ந்து ஒவ்வொரு கந்தலாக எடுத்து முகர்ந்து பார்ப்பாள். நெஞ்சில் அடித்துக்கொள்வாள். வெறுங்கையோடு திரும்புவாள், வந்து நாள் கணக்கில் சாப்பிடமாட்டாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளையை எடுத்துப் போய் நஜஃப் புனித மண்ணில் முறையாகப் படுக்க வைக்க வேண்டும். தாமிருக்கு அலுத்துவிட்டது. இன்னொரு குழி வேண்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. பெற்ற பிள்ளைக்கும் அலுக்கும், ஐயா.

"மூடிடு" என்றான். ஹமூத் மூடினான்.

அதன் பிறகுதான் அந்த இரண்டு மணி. ஹமூத் பொக்லைன் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். தாமிர் பிக்கப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு...

முதலில் வாடைதான். ஈர மண் வாடை. மழை மண் இல்லை. வாய்க்கால் தூர் வாரும்போது அடியிலிருந்து வருமே, அது. ஏசியை அணைத்தான். வாடை போகவில்லை.

முன்னால் ஒரு பையன். வெள்ளை அங்கி. முதுகைக் காட்டி நிற்கிறான். கை இரண்டும் பின்னால். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரு கூரை கிடையாது, இவன் எங்கிருந்து வந்தான்? தாமிர் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"எங்கப்பா போகணும்? ஏறு."

பையன் திரும்பவில்லை.

"கிப்லா எந்தப் பக்கம்?"

தொழப் போகிறான் போல என்று நினைத்து, தாமிர் கையை நீட்டிக் காட்டினான். "அதோ, அந்த டவர் இருக்கே, அதுக்கு நேரா."

பையன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. உடம்பு மட்டும் லேசாக ஆடியது... திரும்பப் பார்க்கிறான், முடியவில்லை.

"என்னால திரும்ப முடியல. கொஞ்சம் திருப்பி விடுடா."

நரைத்த ஆளை ஒரு பொடிப் பையன் டா போடுகிறான். தாமிரை அந்தக் குரலில் அப்படிக் கூப்பிட ஒருத்தன்தான் இருந்தான்.

தாமிர் இறங்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். வீடு வரும்வரை பின்னால் பார்க்கவே இல்லை.

வீட்டில் உம்மா கட்டிலில் கிடந்தாள். கண் மங்கிப் போனவள். மூக்கு மட்டும் மங்கவில்லை.

"கிட்ட வா. என்ன வாடை இது?"

"வேலை செஞ்ச மண்ணு, உம்மா."

"ஆளு கிடைச்சுதா?"

"பழைய ஆளுங்க. பாபிலோன்காரங்க. ஒருத்தனும் கிப்லா பாக்கல."

அவள் அவன் சட்டையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"கொன்னு போட்டவன் கிப்லா பாத்தாடா படுக்க வச்சிருப்பான்?"

தாமிர் சட்டையை விடுவித்துக்கொண்டு எழுந்தான்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போ."

"நாளைக்கு, உம்மா."

மறுநாள் அவன் மட்டும் போனான். குழி இருந்த இடத்தில் லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. ரோலர் ஓடிக்கொண்டிருந்தது... தரை அதிர்கிற சத்தம். இன்ஜினியர் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன உஸ்தாத், இவ்வளவு தூரம்? ஏதாவது விட்டுப்போச்சா?"

வாயைத் திறந்தால் போதும், ரோலர் நிற்கும். வேலை போகும், பேர் கெடும், ஊர் சிரிக்கும். ஆனால் நிற்கும்.

"ஒன்னும் விட்டுப்போகல" என்றான் தாமிர்.

தாமிர் சொன்ன பெரிய பொய் என்றேனே, அது இதுதான். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அவனைப் பிடிக்காது. எதிரே வந்தால் சலாம் சொல்வேன், அவ்வளவுதான்.

உம் முஹ்சின் தினமும் கேட்டாள். அவன் தினமும் நாளைக்கு என்றான். தார் போட்டு முடிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பிறகு சாப்பாட்டையும் நிறுத்தினாள். குளிர்காலம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

பெட்டியைக் கார் கூரையில் கட்டி நஜஃபுக்குக் கொண்டுபோனார்கள். புது ரோட்டில்தான். ரோடு வழவழவென்று இருந்தது. பெட்டி கொஞ்சம்கூட ஆடவில்லை என்று கூட வந்தவர்கள் மெச்சினார்கள்.

கபுருக்குள் இறங்கித் தாயைப் படுக்க வைக்க வேண்டியவன் மகன். தாமிர் இறங்கினான். அவளை வலப்பக்கம் சாய்த்து, முகத்துணியை விலக்கி, கன்னத்தை மண்ணில் வைத்து, கிப்லா பார்க்கத் திருப்பினான். முதுகுக்குப் பின்னால் மண்கட்டி முட்டுக் கொடுத்தான். செங்கல் வாங்கக் கையை மேலே நீட்டினான்... பின்னால் துணி உரசும் சத்தம்.

பார்த்தால், இடப்பக்கம் புரண்டு கிடக்கிறாள்.

"என்னப்பா, கிப்லா தெரியாதா உனக்கு?" என்றார் மேலே நின்ற குழிவெட்டி.

தாமிர் மறுபடி திருப்பினான். கட்டியை நன்றாக அழுத்தி வைத்தான். கையை எடுப்பதற்குள் அவள் தோள் அதைத் தள்ளியது. பலமாக... உயிரோடு இருந்தபோது அவளுக்கு அந்த பலம் இருந்ததில்லை.

குழிவெட்டியே இறங்கி வந்தார். ஆயிரம் மையித்தைப் பார்த்த மனுஷன். அவரும் அவளைத் திருப்ப முயன்றார். உடம்பு நிற்கவில்லை. வேர்த்துவிட்டது அவருக்கு.

"உங்க உம்மா ஹில்லா பக்கம் பாக்குறாங்கப்பா. அங்க யாரு இருக்கா அவங்களுக்கு?"

"யாரும் இல்ல" என்றான் தாமிர். "ரோடுதான் இருக்கு."

அவர் மேலே ஏறிச் செங்கலுக்குக் கை காட்டினார். செங்கலை அடுக்கி, அவளை அப்படியே வைத்து மூடினார்கள்.