மாடியில் இரண்டாவது மிஷின்

— அட்டையெல்லாம் காட்டாதீங்க சார். போன மாசம் கேஸ் அடுப்பைச் சோதிக்கணும்னு ஒருத்தன் இதைவிடப் பளபளன்னு ஒண்ணைக் கழுத்துல மாட்டிட்டு வந்தான். அவன் போனப்புறம் பார்த்தா எதிர்வீட்டுக் குக்கரைக் காணோம்.

— நான் காலேஜ்ல இருந்து வர்றேங்க. இந்தக் கட்டடத்துல இருந்து ஒரு பொண்ணு படிப்பு உதவித்தொகை கேட்டிருக்கு. வீட்டு நிலைமையை நேர்ல விசாரிச்சு எழுதணும். முதல்ல நீங்க...

— இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். மேல் வீட்டுத் தையல்காரி பொண்ணுதானே? கேட்டிருப்பா. கேக்குற ஆளுதான்.

— யாருன்னு நானா சொல்லக் கூடாதுங்க. முதல்ல உங்க வீட்டுல யார் யார்...

— நீங்க சொல்லவே வேணாம். இந்த வருஷம் இங்க ஸ்கூல் முடிச்சது ரெண்டே பொண்ணுங்க. ஒண்ணு அவ பொண்ணு, இன்னொண்ணு என் பொண்ணு. எங்களுக்கு எதுக்கு சார் உதவி? பீஸை மொத்தமாக் கட்டிடலாம்னு எங்க வீட்டுக்காரர் அன்னிக்கே சொல்லிட்டார்.

— அவர் எங்க வேலை பார்க்கறார்?

— மருந்துக் கம்பெனி கோடவுன்ல ஸ்டோர் கீப்பர். அவர் சாவி போட்டாத்தான் கதவே திறக்கும்.

— இப்பவும் அங்கதானா?

— இப்பவும்னா? காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுப் போனா இருட்டினப்புறம்தான் வர்றார். சட்டை பூரா கலர் கலரா நூல். மூட்டையைப் பிரிச்சுப் பிரிச்சு ஓஞ்சு போறார். ஸ்டோர் கீப்பரையே மூட்டை பிரிக்க விட்டா கம்பெனி உருப்படுமா?

— சம்பளம் ஒழுங்கா வருதுங்களா?

— வராம? முன்ன ஒண்ணாந்தேதி. இப்ப வாரா வாரம். முறையை மாத்திட்டாங்களாம். என் கதையை விடுங்க சார், உங்களுக்கு வேண்டியது மேல இருக்கு.

— விண்ணப்பத்துல வேற மாதிரி இருக்கே...

— இருக்கும்! என்ன எழுதியிருக்கா? குடும்பத்துல ஒரே ஆளு கஷ்டப்பட்டுச் சம்பாதிக்குதுன்னா?

— ஏறக்குறைய அப்படித்தான். நிரந்தர வருமானம் இல்லைன்னு.

— அடிப்பாவி! நான் அடுத்தவங்க வீட்டு விஷயம் பேசுறவ இல்ல சார். ஆனா காதுன்னு ஒண்ணு இருக்கே. அவ புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். மேல ரொம்ப நாளா ஒரு தையல் மிஷின்தான் ஓடுச்சு. இப்ப ரெண்டு ஓடுது.

— ஆள் வெச்சிருப்பாங்க.

— வெச்சிருக்கா, ஆம்பளை ஆள்! நடக்குற சத்தமே சொல்லுதே, தொம் தொம்னு. வாசல்ல செருப்பு மட்டும் இருக்காது. பின்பக்கப் படியில செருப்பைக் கையில தூக்கிட்டு ஏறுறான் போல. நானும் ரெண்டு தடவை ஊசி கடன் கேக்குற சாக்குல போய்ப் பார்த்தேன். கதவைப் பாதிதான் திறந்தா. "உள்ள துணி பரப்பியிருக்குக்கா"ங்கறா. என்னை நிக்க வெச்சே அனுப்பிட்டா சார், என்னை!

— நீங்க ஆளைப் பார்க்கலையே.

— பார்க்காட்டி என்ன? கொஞ்சம் முன்ன வரைக்கும் கடகடன்னு ஓடுச்சு. நீங்க வந்து நாம பேச ஆரம்பிச்சதும் ஒண்ணு நின்னு போச்சு, கவனிச்சீங்களா? கேளுங்க. ஒரே ஒரு மிஷின். இன்னொரு ஆளு எங்க? காத்தோட போயிட்டானா?

— அம்மா, நிதானமாச் சொல்லுங்க. நான் இதை அப்படியே எழுதினா அந்தப் பொண்ணுக்குக் காலேஜ் கிடையாது. மார்க் நல்லாத்தான் வாங்கியிருக்கு.

— பாவம்தான். படிக்கிற பொண்ணுதான். என் பொண்ணும் அவளும் ஒண்ணாத்தான் பரீட்சைக்குப் படிச்சாங்க... ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே சார். நிஜமாவே இல்லாதவங்க வயித்துல அடிக்கக் கூடாது.

— அப்ப வருமானம் இல்லைன்னு எழுதினது பொய்தானா? கடைசியாக் கேக்கறேன். நீங்க சொன்னதாத்தான் எழுதுவேன்.

— பொய்யேதான். எழுதுங்க. வேணும்னா கையெழுத்தும் போடறேன்.

— அம்மா! தெரு முனை வரைக்கும் உன் குரல்தான் கேக்குது. யாரும்மா இவரு?

— வாடி. காலேஜ்ல இருந்து வந்திருக்கார். மேல் வீட்டு லட்சணத்தை விசாரிக்கறார்.

— மேல் வீட்டை இல்லைங்க. பேரை நானாச் சொல்லக் கூடாதுன்னுதான் உங்க வீட்டைப் பத்தியே கேட்டுக்கிட்டு இருந்தேன், நீங்க விட்டாத்தானே. போட்டோவுல இருக்கறது இந்தப் பொண்ணுதான்.

— எந்தப் போட்டோ? என்னடி சொல்றார் இவரு?

— நான்தாம்மா உதவித்தொகைக்குப் போட்டேன். சார், தயவுசெஞ்சு எழுதிடாதீங்க. அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

— எனக்குத் தெரியாததா? இந்தக் கட்டடத்துலயா? உங்கப்பாவுக்கு இது தெரிஞ்சா உன்னை உரிச்சிடுவார்!

— கையெழுத்துப் போட்டதே அப்பாதாம்மா. கோடவுனை மூடி ஏழு மாசம் ஆச்சு.

— உளறாதே! இன்னிக்குக் காலையில நான்தானே டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேன். அதைத் தூக்கிட்டு எங்கடி போறார்?

— பின்பக்கப் படியில. தையல் அத்தைகிட்ட காஜா போடப் போறார், பட்டன் தைக்கப் போறார். சும்மா காசு குடுத்தா வாங்க மாட்டார்னு அவங்கதான் ரெண்டாவது மிஷின் வாங்கிப் போட்டாங்க... குரலைக் குறைம்மா. உன் சத்தம் கேட்டதுல இருந்து அப்பா மிஷினை நிறுத்திட்டு, மேல மூச்சு விடாம உக்காந்திருக்கார்.