போட்டது பன்னிரண்டு

ஒன்பது வருட ஆராய்ச்சியின் விலை இரண்டு கிலோ மாவின் விலைதான். ஆய்வுக்கூடத்துச் சரக்குப் பதிவேட்டில் என் கையெழுத்தில் அப்படித்தான் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள். மாவுக்குள் வண்டு, வண்டுக்குள் புழுக்குஞ்சு. அந்த வண்டை எலி தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். வேறெங்கும் கிடைக்காத வம்சம் என்பார், இதை ஆராயும் டாக்டரம்மா. விலைமதிப்பில்லாததற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அதனால் மாவின் விலையைப் போட்டேன்.

விசாரணைக் குழு கேட்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். சரக்கறையும் எலிக்கூடமும் என் பொறுப்பு. பேரம் பேசியே வளர்ந்த குடும்பம் என்பதால் டாக்டரம்மாவின் வேலை எனக்குச் சட்டென்று புரிந்தது. புழுவின் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல, நடுச்சந்தில் ஒரு ரசாயனத்தை இறக்குகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதைத் தூக்கிக் கிடங்கில் போட ஒரு புரதம் இருக்கிறது. சுமைதூக்கி என்று வையுங்கள். அவனை நிறுத்திவிட்டால் சரக்கு சந்திலேயே குவியும், புழு தலைகால் புரியாமல் துள்ளிப் பிடியை விட்டுவிடும்.

"நமக்கும் அப்படி ஒரு ஆள் உண்டுல்லம்மா?" என்று கேட்டேன்.

"அதான் சிக்கலே. புழுவோட ஆளை மட்டும் நிறுத்தணும். நம்ம ஆளையும் நிறுத்திட்டா மனநிலையே மாறிப்போயிடும்."

அதற்காக ஒரு வெள்ளைத் தூள் செய்து பூட்டி வைத்துவிட்டு, இரண்டு மாதம் வெளிநாடு போனார். சாவி என்னிடம்.

அந்தச் சமயத்தில் எலித்தீனி தீர்ந்தது. சந்தைக் கடைக்காரரிடம் பாதி விலையில் ஒரு மூட்டை தானியம் இருந்தது. நான் கால் விலை கேட்டேன்.

"எலிக்குத்தானே அண்ணே?"

"எலிக்குத்தான்."

"இது எலிக்குன்னே தயார் பண்ணது. எடுத்துட்டுப் போங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் காலை இருபத்துமூன்று எலிகளும் செத்துக் கிடந்தன, வயிற்றிலிருந்த புழுக்களோடு. எலிக்கொல்லியைக் கால் விலைக்கு வாங்கியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

மிச்சம் ஒரு புட்டி வண்டு, அதுவும் கிழடு. புது எலி வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் புழுவுக்கு ஒரு வயிறு வேண்டும்.

வயிறு எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்தது. என் மனைவியின் தம்பி. வேலை தேடுவதாக வந்து இரண்டு வருடம் ஆகிறது. உடற்பயிற்சிக்கூடம், கண்ணாடி, தூக்கம். தினமும் ஒரு பெரிய டம்ளர் குளிர்ந்த பாலில் புரதப் பொடி கலந்து குடிப்பான். அடியில் ஒரு மடக்கு மிச்சம் வைப்பது அவன் வழக்கம், வீணாக்காமல் அதை நான் குடிப்பது என் வழக்கம்.

வண்டுகளைக் கீறி நுண்ணோக்கியில் வைத்து, புழுக்குஞ்சுகளை ஊசியால் எடுத்து, அவன் பாலில் எண்ணிப் போட்டேன். பன்னிரண்டு. அவன் குடித்தான். நானே டம்ளரைக் காலி செய்து கழுவி வைத்தேன்.

"இன்னிக்கு ருசியா இருக்கே அத்தான், என்ன போட்டீங்க?"

"புரதம்தான் மாப்ளே."

மூன்று வாரத்தில் அவனிடமிருந்து முட்டைகள் கிடைத்தன. கழிப்பறைத் தண்ணீர்த்தொட்டி அந்த வாரம் முழுக்கப் பழுது. பழுதாக்கியது நான். முட்டைகளைப் புது வண்டுகள் தின்றன, வண்டுகளைப் புது எலிகள் தின்றன. வம்சம் பிழைத்தது. மச்சானும் இளைத்தான். "பயிற்சி வேலை செய்யுது அத்தான்" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

அப்புறம் அவனைச் சுத்தம் செய்ய வேண்டுமல்லவா? எந்த மருந்துக் கடையிலும் புழு மாத்திரை கிடைக்கும். ஆனால் ஒன்பது வருட உழைப்பு அலமாரியில் இருக்கும்போது வெளியே வாங்கினால் டாக்டரம்மாவுக்கு என்ன மரியாதை? அதே பாலில் அந்தத் தூளைப் பத்து நாள் கொடுத்தேன், இந்த முறை கடைசிச் சொட்டுவரை அவனையே குடிக்க வைத்து. புழுக்கள் பிடியை விட்டன. எண்ணினேன், பதினொன்று.

நான் எதிர்பாராதது மற்றொன்று. மச்சான் சிரிக்க ஆரம்பித்தான். பாத்திரம் கழுவினான். குளித்தான், கேட்காமலே. வேலைக்கு ஆறு விண்ணப்பம் போட்டான்.

"என் தம்பியை மனுஷனாக்கிட்டீங்க" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தூளை நிறுத்தினேன். நாலாம் நாள் மறுபடி சோபா.

அதாவது, மருந்து நம் சுமைதூக்கியையும் நிறுத்துகிறது. டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. அடுத்த வாரம் நாற்பது பேருக்கு அந்தத் தூளைக் கொடுத்துப் பார்க்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நானே வந்து சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் மேல் சோதிப்பது தப்பு ஐயா. சொந்தத்துக்குள் என்றால் வேறு.

மச்சானை உங்கள் மருத்துவர் இரண்டு முறை பார்த்துவிட்டார், அவனிடம் ஒன்றும் இல்லை. என் மனசிலும் பாரம் இல்லை. உறுத்தல் இருந்தால் பசி எடுக்குமா? எனக்கு இப்போதெல்லாம் ஐந்து வேளை பசிக்கிறது. சாப்பிட்டும் சட்டை தொளதொளக்கிறது. அது மட்டும் அலைச்சலால் இருக்கும்.

போட்டது பன்னிரண்டு. வந்தது பதினொன்று. பாக்கி ஒன்று. பொறுப்பாளன் நான்தானே, என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.