இருநூற்றுப் பதின்மூன்றாம் குறி

2008 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வடமேற்குக் காற்று, சாய்ந்து பெய்யும் மழை, அலெக்சாந்திரியாவின் கடலோரத்தை ஆண்டுதோறும் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகும் மக்னசாப் புயலின் இரண்டாம் நாள். இத்தகைய வானிலையில், துணிக்கூரை கொண்ட காரைக் கொட்டகைக்கு வெளியே எடுக்க நினைப்பவருக்குக் கார்களைப் பற்றி எதுவும் தெரியாது என்று பொருள். அன்று அப்படி ஒருவர் வந்தார்.

ஹாஸிம் பே, விசாரணை அதிகாரியாகிய தாங்கள் இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுத அனுமதித்தமைக்கு நன்றி. தங்கள் எழுத்தர் நல்லவர். ஆயினும் காலையில் நான் சொன்ன முதல் மூன்று வாக்கியங்களுக்குள்ளேயே தேதியை ஒரு நாள் தள்ளி எழுதிவிட்டார்; காரின் நிறத்தைப் ‘பச்சை மாதிரி’ என்று குறித்துக்கொண்டார். ‘மாதிரி’ என்ற சொல்லைக் கொண்டு ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடலாம். ஒரு காரை விவரிக்க முடியாது.

என் பெயர் ஃபிக்ரி; கைத்தொழில் கற்றவன் என்பதால் ஊரில் உஸ்தா என்பார்கள். அன்ஃபூஷியில், படகு கட்டும் துறைகளுக்கு நடுவே, பின்கதவைத் திறந்தால் அலை தெறிக்கும் கொட்டகை என்னுடையது. பழைய கார்களைப் பேணுவது என் தொழில். இந்நகரில் பழுதுபார்ப்பவர்கள் ஏராளம். அவர்கள் அறுபது ஆண்டு முகத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, அதன்மேல் பதினெட்டு வயதைப் பூசுவார்கள். கார் சாக்லேட் பெட்டியைப்போல் பளபளக்கும். உரிமையாளரும் சாக்லேட் பெட்டிக்குரிய அறிவோடு கை தட்டுவார்.

நான் பூசுவதில்லை. எனக்கு இரண்டு விதிகள் உண்டு. நான் செய்யும் எந்த வேலையையும் பின்னால் வரும் ஒருவர் சேதமின்றிப் பிரித்தெடுக்க முடிய வேண்டும். நான் செய்த எதையும் மறைக்கக் கூடாது. துருவைச் சுரண்டாமல் கடுக்காய்ச் சாற்றால் கருக்கி, அது மேலும் பரவாமல் நிறுத்துவேன். கூரைத் துணி கிழிந்தால் அதே தடிமனுள்ள பருத்தி நூலால் தைப்பேன். அருகில் வந்து பார்ப்பவருக்குத் தையல் தெரிய வேண்டும். மேனியைப் பஞ்சால், உமிழ்நீர் தொட்டு, ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அகலம் துடைப்பேன். உமிழ்நீரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் மண்ணெண்ணெய் போடுகிறவர்கள்.

நான் சொல்லும் கார், 1949இல் இத்துறைமுகத்தில் இறங்கியது, அடர்பச்சை, கூரை மடங்கும் வகை. அதன் முதல் பூச்சு இன்றும் அதன்மேல் இருக்கிறது. இந்நாட்டில் அப்படி இன்னொன்று இல்லை. உரிமையாளர் மதாம் கலியோப்பி, கிரேக்கர், இவ்வூரிலேயே பிறந்தவர். நாற்பது ஆண்டுகள் அவர் இடது முழங்கையை ஊன்றிய கதவின் மேல்விளிம்பில் பச்சை தேய்ந்து, அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்து, நடுவே விரல்நக அளவுக்கு இரும்பே தெரியும். அந்த இடத்தை மெழுகிட்டுக் காப்பதா, அப்படியே விடுவதா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

“தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுறேன்” என்றார். “சுருக்கம் எனக்குந்தான் விழுந்திருக்கு. என்னையும் தூக்கிட்டுப் போயி பெயின்ட் அடிப்பியா?”

எனக்குத் தெரிந்து, காரை வைத்திருக்கத் தகுதியுடைய ஒரே மனிதர் அவர். அவர் இறந்ததும் ஏதென்ஸில் இருந்த மருமகன், காரைப் பார்க்காமலேயே, தொலைபேசியில் பஹ்கத் ஸித்கிக்கு விற்றுவிட்டார். ஊரார் மரியாதையாகப் பஹ்கத் பே என்றழைக்கும் அவர் திருமண மண்டபங்கள் நடத்துபவர். செயற்கை நீர்வீழ்ச்சி உள்ள மண்டபங்கள்.

காருக்கு ஒரு பதிவேடு உண்டு. காரின் மேனியில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். இடம், அளவு, நிறம், நாள், நேரம், வானிலை, தோற்றம் என ஏழு கட்டங்கள். முதல் குறி துறைமுகத்தில் பாரந்தூக்கியின் கயிறு உராய்ந்தது. எண்பத்தாறாம் குறி 1961இல் மதாமின் கணவர் கப்பலேறும் முன் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுப் போன சிகரெட். இவ்வாறு இருநூற்றுப் பத்து. ஆறு ஆண்டுகள் உழைத்து, மதாமின் நினைவிலிருந்தும் பழைய புகைப்படங்களிலிருந்தும் அவற்றைத் திரட்டினேன். எந்தக் கட்டத்தையும் நான் வெறுமையாக விட்டதில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. பஹ்கத் பே தெருமுனை உணவகத்தில் மீன் சாப்பிட்டுவிட்டு, குடையில்லாமல் கடலோரமாக நடந்து வந்தார். ஒரு கையில் சூடான ஸஹ்லப் பால் கோப்பை. மேலே லவங்கப்பட்டைத் தூள் மிதந்தது.

“என்ன உஸ்தா, இந்தக் கிழவிய இன்னும் குளிப்பாட்டி முடிக்கலையா?”

“குளிப்பாட்டிக்கிட்டேதான் இருக்கேன், பே. ஆறு வருஷமா.”

“ஆறு வருஷத்துல என் பொண்ணு படிச்சு முடிச்சு மாப்பிள்ளையும் பாத்துட்டா. நீ இன்னும் பஞ்ச வெச்சுக்கிட்டுக் கதவுலயே நிக்கிற.” சொல்லிவிட்டுக் கோப்பையைக் காரின் முன்மூடியின்மேல் வைத்தார்.

கோப்பையை எடுத்தேன். பால் வழிந்து ஒரு வட்டம் படிந்திருந்தது. இருநூற்றுப் பதினொன்று.

“வியாழக்கிழமை லமீஸுக்குக் கல்யாணம். நாளைக்குக் காலைல மிஷ்மிஷ் வர்றான், மெஷினோட. ஒரே இழுப்புல சுரண்டிடுவான். சாயங்காலம் முத்துவெள்ளை அடிச்சிடுவான்.”

மிஷ்மிஷ் பெயின்டர். அவன் கையால் இந்நகரில் பதினான்கு கார்கள் இறந்திருக்கின்றன.

“வேற வெள்ளைக் கார் எடுத்துக்கலாமே பே. ஊருல எவ்வளவோ இருக்கு.”

“எதுக்கு? இது என்னோடது. உங்க அத்தை வீட்டுச் சீதனமா என்ன?” சிரித்தார். “கல்யாணம் கட்டியிருந்தா உனக்குப் புரியும். இந்த டப்பாவக் கட்டிக்கிட்டல்ல அழுறே. எந்தப் பொண்ணுய்யா சொறி புடிச்ச கார்ல ஊர்வலம் போவா?” பிறகு சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, மதாமின் முழங்கை பட்ட இடத்தை இழுத்தார். “பாரு. சாவி பட்டாலே உதிருது. இதப் போயி பத்திரப்படுத்துறானாம்.”

நான்கு சென்டிமீட்டர். இருநூற்றுப் பன்னிரண்டு.

நான் சினம் கொள்ளவில்லை. இதைத் தாங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். சினம் கொண்டவர் கைக்குக் கிடைத்ததை எடுப்பார். நான் சுவரில் மாட்டியிருந்த பதினோரு சுத்திகளில், தோல் போர்த்திய மரச்சுத்தியைத் தேர்ந்தெடுத்தேன். இரும்பு தவறிப் பட்டால் கதவு நசுங்கும். ஓட்டுநர் கதவைத் திறந்து, அடிவிளிம்பின்மேல் தடித்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரித்தேன். பஹ்கத் பேயின் காலணியில் சேறு இருந்ததால், காலை வெளியே வைத்து இருக்கையில் பக்கவாட்டாக அமரும்படி கேட்டுக்கொண்டேன்.

“கீல் அடியில துரு இருக்கு பே. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க. கொஞ்சம் குனிங்க. தலைய வெளிய நீட்டுங்க.”

“உன்னோட இதே ரோதனை” என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

மூன்று முறை. உடற்கூறாய்வு அறிக்கையில் பாறைகளின் பெயரில் எழுதப்பட்டுள்ள காயங்களில் மூன்று என்னுடையவை.

இரண்டாம் முறை அவர் தலையைத் திருப்பினார். நிலையில்லாத மனிதர், எதையும் கடைசிவரை ஒழுங்காகச் செய்து பழகாதவர். அதனால், துணியில் விழ வேண்டியதில் சிறு பகுதி இருக்கையின் இடது ஓரத்தில் விழுந்தது. அவர் தரையில் சரிந்து இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். தோலில் விழுந்த ஈரம் மடிப்புக்குள் இறங்கும் முன் பார்த்தாக வேண்டும். ஆகவே முதலில் இருக்கையைக் கவனித்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. அதன்பின் அவரைக் கவனிக்கும் தேவை இருக்கவில்லை.

காரின் அடியில் படுத்து வேலை செய்ய ஒரு சக்கரப் பலகை வைத்திருக்கிறேன். அதில் அவரைக் கிடத்தி, பின்கதவு வழியாகப் பாறைகள்வரை தள்ளிச் சென்றேன். மழையில் ஒருவரும் இல்லை. மக்னசா தன் வேலையைச் செய்தது. இரண்டு நாள் கழித்து, புயலில் கடலோரம் நடந்தவரை அலை இழுத்துப்போனதாகச் செய்தித்தாளில் வந்தது. காரை மறுநாள் சுரண்ட இருந்த மிஷ்மிஷ் மண்டபத்து வாசலில் அழுதுகொண்டிருந்ததாகக் கேள்வி.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். இருக்கையில் விழுந்ததை ஏன் துடைத்தெடுக்கவில்லை என்று தங்கள் அதிகாரிகள் என்னை மூன்று நாள்களாகக் கேட்கிறார்கள். கேட்கும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். குற்றவாளி துடைத்திருப்பான். தண்ணீர் பட்டால் 1949ஆம் ஆண்டுத் தோலின் சாயம் கூடவே வந்துவிடும். அத்துடன், துடைப்பது பொய். அது அந்தக் காரில் நடந்தது. மேல் ஈரத்தை ஒற்றியெடுத்து, மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, மெல்லிய மெழுகால் மூடினேன். பதிவேட்டில் எழுதினேன்: எண் 213, ஓட்டுநர் இருக்கை, இடது ஓரம், ஒன்பதுக்கு ஆறு மில்லிமீட்டர், செம்பழுப்பு, கருக்கக்கூடும், 18-11-2008, 3.55, புயல்மழை. தோற்றம்: பஹ்கத் ஸித்கியின் இடது காது.

ஒரு மனிதரைப் பிரித்தால் திரும்பப் பூட்ட முடியாதே, முதல் விதி என்னவாயிற்று என்று தாங்கள் கேட்கக்கூடும். விதி கார்களுக்கானது.

நான்கு மாதங்கள் ஒருவரும் வரவில்லை. சென்ற வியாழக்கிழமை, மார்ச் 19 அன்று, பஹ்கத் பேயின் மகள் லமீஸ் வந்தார். கறுப்பு உடை. கார் இப்போது அவருடையது. தள்ளிப்போன திருமணம் அடுத்த மாதம். தந்தையைப்போல் அல்லாமல், எதையும் தொடும் முன் என்னைப் பார்த்தார். மகிழ்ந்தேன். பதிவேடு காரோடு சேர்ந்தது; ஆகவே அதை நானே அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். மதாமை அடுத்து, அவ்வாறு படித்த இரண்டாவது மனிதர் அவர்.

“உஸ்தா, எங்கப்பா கடைசியா இங்க வந்தாரா?”

“வந்தாரும்மா. இருநூத்திப் பதினொண்ணப் பாருங்க. அந்த வட்டம் அவரு வெச்ச கோப்பை.”

விரலை அந்த வட்டத்தின்மேல், படாமல், சுற்றினார். “அடுத்தது?”

“சாவி. அதுவும் அவருதான்.”

“அதுக்கடுத்தது?”

“அதுவுந்தான்.”

அவர் அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். அவர் பதிவேட்டோடு வெளியேறினார். பதிவேட்டைக் காரைவிட்டுப் பிரிப்பது தவறு என்று வாசல்வரை சென்று சொன்னேன். அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நடந்தவை தங்களுக்குத் தெரியும். மூன்று நாள் நான் எதையும் சொல்லவில்லை. இன்று காலை ஆய்வகத்திலிருந்து வந்தவர், காரைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே, “அஞ்சு சென்டிமீட்டர் சதுரமா வெட்டி எடுத்தாப் போதும் பே, பாக்கியத் தூக்கிப் போட்டுடலாம்” என்றார். கையில் கத்தரிக்கோல் வைத்திருந்தார். தகரம் வெட்டும் கத்தரிக்கோல். அப்போது தாங்கள் என்னைப் பார்த்து, “எல்லாத்தையும் ஒழுங்கா எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா வெட்ட வேண்டிய அவசியமே இல்ல உஸ்தா” என்றீர்கள்.

ஆகவே எழுதினேன். பஹ்கத் ஸித்கியைக் கொன்றவன் நான். வேறு எவருக்கும் இதில் பங்கில்லை. சுத்தி, வலமிருந்து நான்காவது ஆணியில் தொங்குகிறது. இதனால் இருக்கை வெட்டப்படாது. கார் சான்றுப்பொருளாகப் பூட்டிய இடத்தில், ஒருவரும் தொடாமல், உள்ளவாறே நிற்கும். வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். மேல்முறையீடுகளும் உண்டு. நானே அதைவிட நன்றாகப் பாதுகாத்திருக்க முடியாது.

2009 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணி பத்து நிமிடம். வானம் தெளிவு, காற்று இல்லை.

(கையொப்பம்) ஃபிக்ரி

பின்சேர்க்கை. அதே நாள், இரண்டு மணி ஐம்பது நிமிடம், வானிலையில் மாற்றமில்லை. மேலும் ஒரு தாள் கேட்டு வாங்கியமைக்குக் காரணம் உண்டு. நான் எழுதியதைத் தாங்கள் இரண்டு முறை வாசித்தீர்கள். “வருத்தம் இருக்கான்னு படிவத்துல ஒரு கட்டம் இருக்கு, உஸ்தா. வெறுமையா விட முடியாது” என்றீர்கள். ‘இல்லை’ என்று எழுதச் சொன்னேன். எழுத்தர் எழுதினார், இம்முறை பிழையில்லை. பிறகு தாங்கள் ஒரு தீர்மானம் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். தாங்கள் கையொப்பமிட்டு அதன் பிரதியை என்னிடம் தந்தீர்கள்.

வாசித்தேன். குற்றம் முழுமையாக ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதாலும், சுத்தியும் பதிவேடும் கைப்பற்றப்பட்டிருப்பதாலும், காரைச் சோதிக்கவோ சான்றுப்பொருளாக வைத்திருக்கவோ தேவையில்லை, புகைப்படங்கள் போதும், கார் இன்றே உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கீழே லமீஸின் பெயர். பிழையற்ற வாக்கியங்கள்.

கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்தில் லமீஸ் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“மிஷ்மிஷ் அண்ணே, வண்டி கெடச்சிடுச்சு. தகடு தெரியற வரைக்கும் சுரண்டிடுங்க. சீட்டெல்லாம் பிச்சு எறிஞ்சிடுங்க, கொளுத்துங்க, என்ன வேணா பண்ணுங்க. பழசு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. வெள்ளை. அப்பா சொன்னாரே, அதே வெள்ளை.”

ஹாஸிம் பே, வருத்தம் உண்டா என்ற கட்டத்தில் என் விடையைத் திருத்த வேண்டும்.

உண்டு.