நோயாளி பார்க்கக் கூடாத பக்கம்

நான் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதில் உட்கார்ந்தபடியேதான் செத்துப்போனார். தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நான் சொன்னபோதுகூட, "வேணாம் தங்கச்சி, நோயாளி கொஞ்சம் ஆடினாத்தான் நம்புவாங்க" என்று சிரித்தார்.

விசாரணையை இந்த அறையிலேயே வைத்தது நல்லதாகப் போயிற்று. வேறு இடமென்றால் ஒவ்வொன்றையும் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கும். நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டே இருங்கள், நான் நிதானமாகச் சொல்கிறேன். நாளைக்கு அந்தப் பெண்ணை இங்கே கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால் நான் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

பல்கலைக்கழகத்தில் நான் பாடம் நடத்துகிறவள் இல்லை. நடத்திய பாடம் பிள்ளைகள் மண்டையில் ஏறியதா என்று பார்க்கிறவள். என் கதவில் மதிப்பீட்டுப் பிரிவு என்று எழுதியிருக்கும். ஆசிரியர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "மாமியார் வருது" என்று எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொள்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தர் பானையைத் திறந்து, சோறு வெந்ததா என்று பார்க்கத்தானே வேண்டும்?

செவிலியர் படிப்புதான் எனக்குத் தீராத தலைவலி. எழுத்துத் தேர்வில் அத்தனை பேரும் தொண்ணூறுக்கு மேல் வாங்குவார்கள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அங்கிருந்த தலைமைச் செவிலி ஒருமுறை போன் போட்டு, "உங்க பிள்ளைங்க நல்லா எழுதுறாங்க மேடம். எதிர்ல படுத்திருக்கிறவர் உயிரோட இருக்காரான்னு மட்டும் அப்பப்போ பாக்கச் சொல்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பில் பலன் இருக்கிறது என்று காட்டாவிட்டால் அதை இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்தும் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் இந்தத் தேர்வைக் கொண்டுவந்தேன். நோயாளியாக நடிக்க ஓர் ஆள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார்ந்து, கேட்டு, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருப்பது மாணவர் நாற்காலி. உங்களுக்குப் பின்னால் சுவரில் இருக்கிற பெரிய கண்ணாடி இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் கண்ணாடி. அந்தப் பக்கத்து அறையிலிருந்து பார்த்தால் ஜன்னல். அங்கே உட்கார்ந்து நான் மதிப்பெண் போடுவேன். பேச வேண்டுமானால் மைக் இருக்கிறது, குரல் அந்த மூலைப் பெட்டியில் கேட்கும்.

நோயாளியாக நடித்தவர்தான் முதலில் சொன்னேனே, அந்த அண்ணன்; நாடகக் கம்பெனியில் காலம் தள்ளியவர். எட்டுப் பேர் வந்தால் எட்டுப் பேருக்கும் ஒரே வயிற்றுவலி, ஒரே முனகல், ஒரே இடத்தில் கை. துளிகூட மாறாது. மாறினால் மதிப்பீடு மண்ணாகிவிடும், ஐயா. ஒருத்தனுக்கு லேசான வலியும் இன்னொருத்திக்குக் கடுமையான வலியும் காட்டினால் இருவரையும் எப்படி ஒப்பிடுவது? அவருக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. எனக்குக் கிடைத்தவர்களிலேயே உருப்படியான ஆள் அவர்தான். நான் போட்ட ஒரே கண்டிப்பு, கண்ணாடிப் பக்கம் பார்க்கக் கூடாது என்பது. நடிகர்களுக்குக் கண் தானாக அங்கே போய்விடும். அவருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

அன்றைக்கு மேலிடத்துக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் மாணவன் வந்தான், போனான். வழக்கமான வயிற்றுவலி. மூன்றாவதாக ஒரு பெண் வந்தபோது அண்ணனின் கை வயிற்றிலிருந்து மேலே ஏறியது. தாடையைத் தேய்த்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புதிதாக ஏதோ சேர்க்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த நேரத்தில் நடிப்பு என்றுதான் நினைத்தேன். எழுதிக் கொடுத்த வாக்குமூலத்திலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு மாணவியைப் பொறுத்தவரை அது பொய் இல்லை.

அவள் எழுதியது என் முன்னாலிருந்த திரையில் தெரிந்தது. 'வியர்வை இல்லை.' அடுத்து வந்தவனும் அதையே எழுதினான். அதற்கடுத்தவனும் எழுதினான். அவர் நெற்றியிலிருந்து வழிந்து மேஜையில் சொட்டுகிறது, இந்தப் பிள்ளைகள் வியர்வை இல்லை என்று எழுதுகிறார்கள். வயிற்றுப்புண்தான் விடை என்று முந்தைய வகுப்புக்காரர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வயிற்றுப்புண்ணுக்கு வியர்க்காது, அதனால் வியர்வை இல்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் நான் தலைபாடாக அடித்துக்கொண்டதற்கு அன்றைக்குத்தான் கண்ணெதிரே ஆதாரம் கிடைத்தது. தேர்வுக்குத் தயார் செய்ய முடியாத ஒரு கேள்வி தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிரில் இருக்கிறவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை, இவர்களில் யாருக்குத் தெரியும்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயா. வேறு பெயர் வைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆமாம். நிஜமாகவே என்றுதான் சொன்னேன். எனக்குத் தெரியும்.

முதல் வருஷமே அண்ணன் என்னிடம் கேட்டிருந்தார். "எனக்கு நெஜமாவே ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது தங்கச்சி? நான் கத்தினாலும் நல்லா நடிக்கிறாருன்னுதானே நெனப்பீங்க?" நியாயமான கேள்வி. நான்தான் வழி சொன்னேன். "அப்போ கண்ணாடியைப் பாருங்கண்ணே. நான் வந்துடுவேன்." பார்க்கக் கூடாத இடம் என்பதால் அதைவிட நல்ல சைகை கிடையாது. அது எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு. அவர் போய்விட்டார். நான் மூச்சு விடாமல் இருந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

ஐந்தாவது மாணவன் இருக்கும்போது அவர் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். நேராக என்னை. அவருக்கு அதில் அவர் முகம்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் என்னைத்தான் பார்த்தார். பக்கத்தில் இருந்த குழுக்காரர், "அங்கே பாக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே மேடம்?" என்றார்.

"வயசாயிடுச்சு சார். இன்னிக்குக் கொஞ்சம் தடுமாறுறார்" என்றேன்.

"ஆனா என்ன நடிப்பு."

"ஆமா சார். நாடகத்துல இருந்தவர்." குழுக்காரர் வசதியாகக் கேட்கட்டும் என்று ஒலியைக் கொஞ்சம் கூட்டினேன்.

எழுந்து போக நினைக்கவில்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். கதவு என் கைக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் போயிருந்தால் பாக்கி மூன்று பேருக்குத் தேர்வு இல்லை, ஐந்து பேருக்கு நடந்ததும் செல்லாது. இன்னும் ஒரே ஓர் ஆள் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஆள் போனதும் மறுபடி அதையே நினைத்தேன்.

ஏழாவதாக வந்தவள்தான் நீங்கள் நாளைக்குக் கூப்பிட்டிருக்கிற பெண். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், ஊமைக்குயில் என்று கூப்பிடுவார்கள். உள்ளே வந்தவள் உட்காரவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஐயா, இது நெஜமா?" என்றாள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலுக்கு ஓடினாள். கைப்பிடியில் கை வைத்தும்விட்டாள்.

நான் மைக்கை எடுத்து, "தேர்வு முடியல. உட்காருங்க. பட்டியல்ல இருக்கிறதை மட்டும் கேளுங்க" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். படிப்பு போய்விடும் என்று பயம். அவள் அப்பா கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவர். அழுதுகொண்டே பட்டியலில் இருந்ததைக் கேட்டாள். பட்டியலில் இல்லாத கேள்வி கேட்டதற்காக அவளுக்கு மதிப்பெண் குறைத்தேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அவளுக்கு அடுத்து வந்தவன் எழுதியது, 'நோயாளி ஒத்துழைக்கவில்லை.' அதற்குள் உயிர் போயிருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

அவர் வீட்டுக்கும் போயிருந்தேன். அண்ணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்பக் கஷ்டப்பட்டாராம்மா?" என்றார். "இல்ல அண்ணி. கடைசி வரைக்கும் வேலையிலயேதான் இருந்தார்" என்றேன். "உங்களைப் பத்தி வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பார். அந்தத் தங்கச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்லேம்பார்" என்று அழுதார். என்னால் அங்கே அதிக நேரம் இருக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடி எல்லாவற்றையும் துணி போட்டு மூடியிருக்கிறேன். என் தங்கை, "தலை சீவாம ஆபீஸ் போறியேக்கா, என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்கிறாள். பஸ் ஜன்னலிலும் லிப்ட் கதவிலும்கூட அவர் பார்க்கிறார். கோபமாகப் பார்த்தால் தாங்கிக்கொள்வேன், ஐயா. அவர் கோபப்படவில்லை. நான் வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். தெரிந்து வாசல்வரை ஓடியவள் ஏன் திரும்பி வந்து உட்கார்ந்தாய் என்று கேட்டு அவள் உயிரை எடுக்காதீர்கள். உட்கார வைத்தவள் நான். நான்தான் அவரைச் சாகவிட்டேன், தெரிந்தே. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: எட்டுப் பேரில் ஒருத்தி கண்டுபிடித்தாள். இந்தப் பல்கலைக்கழகத்தில் எடுத்த கணக்குகளிலேயே கலப்படமில்லாத கணக்கு அதுதான். அறிக்கையில் சேர்க்காமல் அதை வீணாக்கிவிட வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்றுதான், ஐயா. வந்து உட்கார்ந்ததிலிருந்து நான் உங்களைப் பார்த்துப் பேசவில்லை. உங்கள் தலைக்கு மேலே, அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சைகை என்ன என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் இதற்கு மதிப்பெண் கிடையாது.